போட்டோ பிரிண்ட்: வீட்டிலா, லேபிலா?

போட்டோவை வீட்டிலேயே பிரிண்ட் போடுவதா, லேபில் கொடுப்பதா என்று கேட்டால் எல்லாரும் முதலில் காசைப் பற்றித்தான் பேசுவார்கள். லேபில் ஒரு காப்பி இவ்வளவு, வீட்டில் போட்டால் இவ்வளவு என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் அதில் ஒரு பெரிய விஷயம் வருவதே இல்லை. படத்தில் இருப்பவரின் முகம் என்ன நிறத்தில் வர வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? லேபில் கொடுத்தால் லேப்காரரோ அவருடைய மெஷினோ முடிவு செய்கிறது. வீட்டில் போட்டால் வீட்டில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் அந்தக் காசுக் கணக்கை முடித்துவிடலாம். மறைமலை நகரில் ரயில் ஏறி தாம்பரம் போகிற வழியில் காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்று எங்கே இறங்கினாலும் போட்டோ பிரிண்ட் போட்டுத் தர ஏதாவது ஒரு கடை இருக்கும். (மறைமலை நகர் 1980-இல் துணை நகரமாகத் தொடங்கப்பட்டது. தனித்தமிழுக்காக வேதாசலம் என்ற சொந்தப் பெயரையே மாற்றிக்கொண்ட மறைமலை அடிகளின் பெயர் வைத்த ஊர். ஆனால் 'ஒளிப்படம்' என்று எழுதிய போர்டைத் தேடத்தான் வேண்டும், எல்லாம் 'டிஜிட்டல் கலர் லேப்'தான்!)

நூறு, இருநூறு படம் என்றால் லேபுதான் மலிவு. அங்கே மெஷினின் விலை ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் மேல் பிரிந்துவிடுகிறது. நாலு படம், எட்டு படம் என்றால் வீடு பரவாயில்லை. நாலுக்கு ஆறு அங்குலத் தாள் ஒன்றில் 35-க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படம் எட்டு அடங்கும். நாளைக் காலை விண்ணப்பம் கொடுக்க வேண்டும், இப்போது ராத்திரி பத்து மணி என்றால் வீட்டு பிரிண்டரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை!

ஆனால் வீட்டுக் கணக்கில் சேர்க்காமல் விடும் செலவு இரண்டு உண்டு. ஒன்று, வீணாகும் தாள். நூறு தாளில் இருபது வீணானால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு தாளின் விலையும் கால் பங்கு கூடிவிடுகிறது. இன்னொன்று, காய்ந்துபோகும் மை. ஒரு மாதம் பிரிண்டரைத் தொடாமல் விட்டால் மை வரும் நுண்ணிய துளைகள் அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்ய 'ஹெட் கிளீனிங்' கொடுத்தால், பாட்டிலில் இருக்கும் மை படமாக ஆகாமலேயே உள்ளே இருக்கும் பஞ்சுக்குப் போய்ச் சேரும். இப்படிக் கூட்டிக் கழித்தால் காசில் பெரிய வெற்றி யாருக்கும் இல்லை. இனி நிறத்துக்கு வரலாம்.

படம் எடுப்பவர் ஒருவர், பிரிண்ட் போடுபவர் இன்னொருவர் என்ற பிரிவு பெரிய அளவில் வந்தது 1888-இல். அமெரிக்காவில் கோடாக் ஒரு பெட்டிக் கேமராவை 25 டாலருக்கு விற்றது. உள்ளே நூறு படத்துக்கான பிலிம் ஏற்கனவே போட்டிருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் கொடுத்தால் படங்களைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுப் பிலிம் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அமுக்குவது மட்டும் உங்கள் வேலை, மீதி கம்பெனியின் வேலை. சௌகரியம்தான். ஆனால் அந்த 'மீதி'யில்தான் முகத்தின் நிறமும் இருந்தது.

கறுப்பு வெள்ளைக் காலம் முழுக்க இந்த மீதியைத் தாங்களே வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். குளியலறை ஜன்னலை அடைத்து, சிவப்பு பல்பு போட்டு, டெவலப்பர், ஸ்டாப் பாத், ஹைப்போ என்று மூன்று தட்டு. தாளின் மேல் விழும் வெளிச்சத்தை எத்தனை விநாடி விடுவது என்று எண்ணி, முகம் விழும் இடத்தில் மட்டும் கையால் கொஞ்ச நேரம் மறைத்து வேலை செய்வார்கள். அதற்கு வேண்டிய சரக்கு தமிழ்நாட்டிலேயே தயாரானது. ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தி தொடங்கிய மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பிரிண்ட் பேப்பரும் செய்தது. (இந்து என்றால் நிலா.) அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது.

வீட்டில் பிரிண்ட் போடும் பழக்கத்தை முதலில் முறித்தது டிஜிட்டல் இல்லை, கலர். கலர் நெகட்டிவ் கழுவும் டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். கால் டிகிரி முன்னே பின்னே போனாலும் நிறம் நகர்ந்துவிடும். குளியலறையில் அது முடிகிற காரியமா? 1976-இல் ஜப்பானின் நோரிட்சு கம்பெனி ஒரு கடைக்குள் அடங்கும் அளவில் மினிலேப் மெஷின் கொண்டுவந்தது. அப்புறம் ஊர் ஊருக்கு கோடாக், பியூஜி, கோனிகா போர்டுகள். (கோனிகா மினோல்டா 2006-இல் போட்டோ தொழிலையே விடுவதாக அறிவித்தது, கோடாக் 2012-இல் திவால் மனு போட்டது. அது தனிக் கதை.) கல்யாணமோ காதுகுத்தோ, ரோலைக் கொடுத்துவிட்டு சீட்டை வாங்கிக்கொண்டு வந்தால் போதும் என்றாகிவிட்டது.

மெஷின் நிறத்தை எப்படி முடிவு செய்கிறது? அதற்கு உங்கள் பாட்டியைத் தெரியாது. எந்தப் படமாக இருந்தாலும் மொத்த வெளிச்சத்தையும் கூட்டிச் சராசரி பார்த்தால் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்று எடுத்துக்கொள்ளும். படத்தில் இருட்டு அதிகமானால் மொத்தத்தையும் வெளுப்பாக்கும், வெள்ளை அதிகமானால் மொத்தத்தையும் மங்கலாக்கும். கறுத்த நிறமுள்ள ஒருவர் கரும்பச்சைப் புடவையில் மரத்தடியில் நின்றால் சாம்பல் பூசினது போல வெளுத்து வருவதும், அவரே வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் கண்ணும் மூக்கும் தெரியாமல் கருகி வருவதும் இதனால்தான். நல்ல ஆபரேட்டர் இதைக் கண்டுபிடித்து பட்டனைத் தட்டிச் சரிசெய்வார். ஆனால் எதைப் பார்த்துச் 'சரி' என்று சொல்வது?

அதற்கும் ஒரு அளவுகோல் இருந்தது. கோடாக் லேபுகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இருப்பார். அவர் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. இந்த அட்டைகளுக்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கறுத்த தோலின் நிற வேறுபாடுகள் கோடாக் பிலிமில் சரியாகப் பதியாதது பல காலம் பெரிய பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி மேசை செய்பவர்களும் தங்கள் பழுப்பு நிறங்கள் தனித்தனியாகத் தெரியவில்லை என்று புகார் சொன்ன பிறகு அதில் கவனம் வந்தது என்பது அவர் தரும் செய்தி. மனிதர்களுக்கு வராத அக்கறை மரத்துக்கு வந்திருக்கிறது!

தமிழ்நாட்டில் இதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சிவப்பாக இருந்தால்தான் அழகு என்ற நினைப்பு. வாடிக்கையாளர் வாயைத் திறக்காமலேயே லேபில் கொஞ்சம் 'பிரைட்' ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். இப்போது சாப்ட்வேரே தோலை வழவழப்பாக்கி, வெளுப்பாக்கி, சுருக்கத்தை அழித்துக் கொடுத்துவிடுகிறது. கல்யாண ஆல்பத்தில் இதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். ஒருவருக்கு மிஞ்சியிருப்பதே ஒரு படம்தான் என்னும்போது அப்படிக் கடக்க முடியாது.

மறைமலை நகரில் ஒரு குடும்பம். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அப்பாவைப் பெற்ற ஆயா மதுராந்தகம் பக்கத்தில் நாற்று நட்டு, களை பறித்து வாழ்ந்தவர். அவர் இறந்தபோது தேடிப் பார்த்தால் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பேரன் செல்போனில் எடுத்த குரூப் போட்டோ மட்டும்தான் இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். அதை ஒரு லேபில் கொடுத்தார்கள்.

இரண்டு நாளில் பிரேம் போட்டு வந்தது. பின்னால் நீல வானம். உடம்பில் யாருடையதோ பட்டுப்புடவை. முகம் கோதுமை நிறம். நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. தாடையில் சின்ன வயதில் பச்சை குத்திய புள்ளி ஒன்று உண்டு, அதையும் அழுக்கு என்று நினைத்து சாப்ட்வேர் துடைத்துவிட்டிருந்தது. ஆயாவின் தங்கச்சி ஊரிலிருந்து வந்தவர் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாருடா இந்தம்மா? எங்க அக்கா எங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. "நல்லாத்தான சின்னம்மா இருக்கு" என்று இழுத்த அப்பாவும் அதற்கு மேல் பேசவில்லை. பேரன் லேபுக்குப் போய்க் கேட்டபோது அந்த அண்ணன் கோபப்படவில்லை. "தம்பி, கறுப்பா போட்டுக் குடுத்தா பத்து நிமிஷத்துல திருப்பிக் கொண்டாந்துடுவாங்க. எல்லாரும் கேக்குறது இதான். நீ ஒருத்தன்தான் மாத்திக் கேக்குற" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் ஆயாவைப் பார்த்ததே இல்லை.

வீட்டில் பிராஜெக்ட் ரிப்போர்ட்டுக்காக வாங்கிய இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்று இருந்தது. குரூப் போட்டோவில் இருந்து ஆயாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதில் போட்டுப் பார்ப்பது என்று முடிவு.

முதல் தாள் கருகி வந்தது. காரணம் பிரிண்டர் இல்லை, கம்ப்யூட்டர் திரை. திரை தானே ஒளி விடுகிறது, தாள் தன் மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. திரையின் பிரகாசம் முழுதாக இருந்தால் எந்தப் படமும் அதில் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாகத்தான் தோன்றும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒன்றாகும் வரை பிரகாசத்தைக் குறைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

இரண்டாம் தாளில் நிறம் மாறி, மை திட்டுத் திட்டாக நின்றது. பிரிண்டரில் தாள் வகையைச் சாதாரணத் தாள் என்றே விட்டிருந்தார்கள். எந்த இடத்தில் எவ்வளவு மை விட வேண்டும் என்பதைத் தாள் வகையை வைத்துத்தான் பிரிண்டர் கணக்கிடும். பளபளப்புத் தாளுக்குச் சாதாரணத் தாளின் கணக்கு ஒத்து வராது.

மூன்றாம் தாள் ராத்திரி டியூப்லைட்டில் பார்க்க நன்றாக இருந்தது. காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் பச்சையடித்தது. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அப்போது விளங்கியது. கறுத்த முகத்தைப் பற்றி இன்னொன்றும் விளங்கியது. கறுப்பு என்பதால் மொத்தத்தையும் இருட்டாக்கினால் முகம் தட்டையாகிவிடும், மொத்தத்தையும் வெளுப்பாக்கினால் சாம்பலாகிவிடும். கறுத்த தோலின் உயிர் அதன் மேல் மினுங்கும் வெளிச்சத்தில் இருக்கிறது. கன்ன எலும்பில், மூக்கு நுனியில், நெற்றியில் அந்த மினுமினுப்பு இருக்க வேண்டும், நிழல் நிழலாகவே இருக்க வேண்டும்.

நாலாம் தாளில் ஆயா வந்துவிட்டார். மூக்குத்தி, நெற்றிக் கோடுகள், தாடையில் பச்சைப் புள்ளி எல்லாம் இருந்தது. சின்ன ஆயா அந்தப் புள்ளி மேல் விரலை வைத்துக்கொண்டு, "இத குத்துனப்ப நான்தான் அவ கைய புடிச்சிகினு ஒக்காந்திருந்தேன்" என்றார்.

அப்படியானால் வீட்டு பிரிண்ட்தான் ஜெயித்ததா? இல்லை. அதைச் சுவரில் மாட்ட முடியவில்லை. அந்த பிரிண்டரில் ஏ4-க்கு மேல் போகாது. அதைவிட முக்கியமான விஷயம் தண்ணீர்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளைத் தென்சென்னைப் புறநகரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் நனைந்தன. நனைந்த படம் பிழைக்குமா என்பது அது எந்த முறையில் பிரிண்டானது என்பதைப் பொறுத்தது.

லேப் பிரிண்ட், அதாவது வெள்ளி உப்புப் பூசிய தாளில் வெளிச்சம் பட வைத்து ரசாயனத்தில் கழுவி எடுப்பது, பிறக்கும்போதே தண்ணீரில் பிறந்தது. அதன் நிறங்கள் ஜெலட்டின் படலத்துக்குள் பிடித்துவைக்கப்பட்டிருக்கின்றன. தாளுக்கு இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. நனைந்தால் ஜெலட்டின் ஊறி மெத்தென்று ஆகும், ஆனால் நிறம் உடனே ஓடிவிடாது. வீட்டு இங்க் டேங்க் பிரிண்டர்களின் கலர் மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாய வகை. வெள்ளத்தில் ஊறினால் முகமே கரைந்து ஒழுகிவிடும். பிக்மென்ட் மை இதைவிட நன்றாகத் தாங்கும்.

2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்த பிறகு பியூஜிபிலிம் கம்பெனியும் தன்னார்வலர்களும் சேற்றில் கிடந்த குடும்பப் படங்களை எடுத்துக் கழுவி உலர்த்தினார்கள். அப்படிக் கழுவி மீட்க முடிந்ததற்குக் காரணம் பழைய லேப் பிரிண்டின் இந்தக் குணம்தான். முறை எளிது. ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைக் காயவிடக் கூடாது. காய்ந்தால் பிரிக்கவே முடியாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, மெதுவாகப் பிரித்து, படம் இருக்கும் பக்கத்தைத் தொடாமல் நிழலில் காயவைக்க வேண்டும். இரண்டு நாளைக்குள் செய்துவிடுவது நல்லது. அதற்கு மேல் போனால் நுண்ணுயிர்கள் ஜெலட்டினைத் தின்ன ஆரம்பிக்கும்.

அந்த வீட்டில் கடைசியில் இரண்டையும் சேர்த்தார்கள். நாலாம் தாளையும் அதன் பைலையும் எடுத்துக்கொண்டு பேரன் அதே லேபுக்குப் போனான். "அண்ணா, இந்தத் தாள் மாதிரி வரணும். நீங்க எதுவும் திருத்த வேணாம்" என்றான். அவர் தாளை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார், ஆட்டோ கரெக்‌ஷனை அணைத்தார், முதலில் சின்னதாக ஒரு காப்பி ஓட்டிப் பார்த்தார், கொஞ்சம் சிவப்பு குறைத்தார், அப்புறம் 12-க்கு 18 அங்குலத்தில் எடுத்துக் கொடுத்தார். "இந்த முகத்தத்தான் முன்னாடியே காட்டிருக்கலாமே" என்றார். உண்மையில் முதலில் கொடுத்ததும் இதே முகம்தான். எப்படி வர வேண்டும் என்று சொல்ல அன்றைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஆகவே வீடா லேபா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. முடிவு செய்வது ஒரு வேலை, தாளில் பதிப்பது இன்னொரு வேலை. 1888-இல் இரண்டும் சேர்ந்து நம் கையை விட்டுப் போயின. இன்றைக்கு முதல் வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு சாதாரண பிரிண்டரும் நாலு தாளும் போதும். ரசாயனம், பெரிய சைஸ், நீண்ட ஆயுள் எல்லாம் லேபுக்கே இருக்கட்டும்.

சுவரில் மாட்டும் படத்துக்கு இன்னும் இரண்டு விஷயம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெயில் படும்படி மாட்டினால் வீட்டு பிரிண்டும் வெளுக்கும், லேப் பிரிண்டும் வெளுக்கும். கண்ணாடியோடு படம் நேராக ஒட்டும்படி பிரேம் போட்டால் மழைக்கால ஈரத்தில் கண்ணாடியிலேயே பிடித்துக்கொள்ளும். நடுவில் ஓரமாக ஒரு அட்டை கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை பிரிண்ட் போட்டாலும் திருத்தாத அசல் பைலை அழித்துவிடாதீர்கள்.

அடுத்த முறை லேபில் படம் கொடுக்கும்போது "கரெக்‌ஷன் வேண்டாம், முதலில் சின்னதாக ஒன்று போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். படத்தில் இருப்பவரைத் தெரிந்த ஒருவர் பிரிண்ட் வரும்போது கூடவே நிற்க வேண்டும். வீட்டு மேசையிலும் நிற்கலாம், லேப் கவுண்டரிலும் நிற்கலாம்.